சன்னதும் சிறைக்கதவும்

பொத்தேரி ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி. சாலையோரம் வந்து நின்றால் வடக்கே தாம்பரம், தெற்கே செங்கல்பட்டு. இரண்டு பக்கமும் கண்ணில் படுபவை கல்லூரிக் கட்டடங்கள், பிரியாணிக் கடைகள், அப்புறம் கல்யாண மண்டபங்கள். இந்த வழித்தடத்து மண்டபங்களுக்கு முகூர்த்தம் இல்லாத நாளிலும் வேலை உண்டு. எங்காவது மறியல் நடந்தால் போலீஸ் வேனில் ஏற்றப்பட்டவர்கள் இறங்குவது இப்படி ஒரு மண்டபத்து வாசலில்தான். மதியம் பொட்டலச் சாப்பாடு, கொஞ்சம் கோஷம், கொஞ்சம் தூக்கம். மாலை ஆறு மணி வாக்கில் பெயரும் தகப்பன் பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டில் அரசியல் கைது என்பதன் அன்றாட வடிவம் இது.

சட்டப் புத்தகத்தில் கல்யாண மண்டபத்துக்கு இடம் கிடையாது. குற்றம் நடக்கப்போவதைத் தடுக்க ஒருவரைப் பிடித்துவைக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 170-வது பிரிவு. அதற்கும் 24 மணி நேரமே எல்லை. அதைத் தாண்டினால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்பது அரசமைப்பின் 22-வது பிரிவு. மண்டபத்துக்கு மாலை ஆறு மணிக்கணக்கு வந்ததன் ரகசியம் இதுதான்.

இந்தக் கூட்டத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு காரின் பின் சீட்டில். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன செக்‌ஷன் சார்?” உள்ளூர்க் கட்சிப் பொறுப்பு, ஒருவேளை முன்னாள் கவுன்சிலர், தொழில் வக்கீல். பட்டா, வாய்க்கால் ஆக்கிரமிப்பு, ஸ்டேஷனில் எடுத்துக்கொள்ளாத புகார் என்று ஊர் அவர் வீட்டு வாசலில் நிற்கும். எல்லாரையும் அனுப்பிவிட்டு அவரை மட்டும் “கொஞ்சம் இருங்க” என்று நிறுத்தும் நாளும் வரும். அந்த ஆள் சிறைக்குப் போனால் என்ன ஆகிறது என்பதே இங்கே என் கேள்வி. மற்றவர்களுக்குச் சிறை பறிப்பது சுதந்திரத்தை. இவரிடம் பறிக்க இன்னும் இரண்டு உண்டு: தொழில் செய்யும் சன்னது, தேர்தலில் நிற்கும் தகுதி. நூறாண்டுக்கும் மேலாக அரசுகள் இந்த மூன்றில் எதை, எப்போது, எப்படித் தொட்டன என்று பார்த்தால் நம் சட்ட வரலாற்றின் சங்கடமான பக்கம் ஒன்று திறக்கிறது. சிறைக்குப் போய்வந்த வக்கீல்களே பிற்பாடு அப்படிப்பட்ட அடக்குமுறைச் சட்டங்களைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

தொடக்கம் வ.உ.சி.யிடம்தான். ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த சிதம்பரம் பிள்ளை பிளீடர்ஷிப் தேறி முதலில் ஊரிலும் 1900-க்குப் பிறகு தூத்துக்குடியிலும் தொழில் நடத்தியவர். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். முதல் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கப்பல் கதை எல்லாருக்கும் தெரியும். அவரை உள்ளே தள்ளியது கப்பல் மட்டும் அன்று. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை நடத்தியதில் வ.உ.சி.க்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் முக்கியப் பங்கு, கோரிக்கைகளும் வென்றன. கப்பல் விட்ட வக்கீலை ஏளனம் செய்து விட்டுவிடலாம். கூலிக்காரர் கூட்டத்தைக் கூட்டத் தெரிந்த வக்கீலை விட முடியாது என்று கலெக்டர் விஞ்ச் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மார்ச் 9-ல் விபின் சந்திரபால் விடுதலையைக் கொண்டாடினார்கள். மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் தீக்கிரையாகின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். இந்த எழுச்சியை ஆவணம் ஆவணமாகத் துருவி எழுதிய ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்கு 2024-க்கான சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. விருது வரட்டும் போகட்டும். ஒரு மாவட்டத்துக் கலகத்தை ஒரு தேசத்தின் வரலாறாக எப்படி வாசிப்பது என்று காட்டிய புத்தகம் அது.

நம் கேள்விக்கு முக்கியமானது வழக்கு தொடங்கிய விதம். எடுத்த எடுப்பில் ராஜத்துரோகம் வரவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 108 பிரிவுகள், அதாவது அமைதி காப்பேன், நல்ல நடத்தையோடு இருப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்லும் பிரிவுகள்தான் முதலில் வந்தன. பிற்பாடே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ. 1908 ஜூலை 7-ல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார்: தான் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவா பேச உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் செக்கு, பிறகு கண்ணூர். 1912 டிசம்பர் 24-ல் வெளியே வந்தார்.

செக்கோடு கதையை முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதற்குப் பிறகு வரும் காலமே அதிகக் கசப்பாகத் தோன்றுகிறது. சன்னது போய்விட்டது, திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பவும் விடவில்லை. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர், மயிலாப்பூர் என்று வீடு மாறி, கடை வைத்து, ஓடாமல், மண்ணெண்ணெய் வியாபாரமும் பார்த்தார். வாதாடத் தெரிந்த மனிதருக்கு வாதாட உரிமை இல்லாத வாழ்க்கை. கடைசியில் ஈ.எச். வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி சன்னதைத் திரும்ப வாங்கித் தந்தார். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. செக்கு அவர் உடம்பை வாங்கியது. சன்னது அவர் காலத்தை வாங்கியது. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி கோர்ட்டுக்குப் போனபோது, தமிழ்நாட்டில் அவரைப் பின்பற்றிச் சிறைக்குப் போக வேறு வக்கீல்கள் வரிசையில் நின்றார்கள். 1936 நவம்பர் 18-ல் இறந்தார்.

சன்னதைப் பறிப்பது அன்று உலக வழக்கமாகவே இருந்தது. 1922 மார்ச்சில் காந்திக்கு ஆறாண்டு தண்டனை விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து அடித்தது. திரும்பச் சேர்த்தது 1988-ல். செத்து நாற்பதாண்டு கழித்துச் சன்னது வந்து யாருக்கு என்ன பயன்? இதற்கு எதிரான வழியும் உண்டு. தென் ஆப்பிரிக்காவில் 1952 சட்டமறுப்பு இயக்கத்துக்காகத் தண்டனை பெற்ற மண்டேலாவின் பெயரை நீக்கச் சொல்லி டிரான்ஸ்வால் வழக்கறிஞர் சங்கம் 1954-ல் நீதிமன்றம் போனது. நீதிபதி ராம்ஸ்பாட்டம் மறுத்தார். அரசியல் நம்பிக்கைக்காகச் சட்டத்தை மீறியவர் நேர்மை கெட்டவர் ஆகிவிடுவதில்லை, இழிவான செயல் எதையும் அவர் செய்யவில்லை என்பது தீர்ப்பின் சாரம். செலவுத்தொகையையும் சங்கமே கட்ட வேண்டியதாயிற்று. நிறவெறி ஆட்சியின் நீதிமன்றம் சொன்னது இது. அதே நாட்டில் பிராம் ஃபிஷர் என்ற வெள்ளை வழக்கறிஞர் 1965-ல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார், அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை பெற்றார், இறந்து பல்லாண்டு கழித்து 2003-ல் திரும்பச் சேர்க்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்முடைய 1961 வழக்கறிஞர்கள் சட்டம் மண்டேலா தீர்ப்பின் பக்கமே சாய்ந்து நிற்கிறது. அதன் 24-ஏ பிரிவு ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரையே பதிவிலிருந்து விலக்குகிறது. மறியலும் ஊர்வலமும் அந்தக் கணக்கில் சேராது என்பதே பொதுவான எண்ணம். அதனால்தான் விடுதலைக்குப் பிந்தைய தமிழ்நாட்டில் சிறைக்குப் போன வக்கீல் வெளியே வந்த வாரமே கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வர முடிந்தது. 2016-ல் இதில் ஒரு விரிசல். நீதிமன்றத்துக்குள் ஊர்வலம் போவது, நீதிபதியை முற்றுகையிடுவது போன்றவற்றுக்காக வக்கீல்களைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குத் தரும் விதிகள் அந்த மே மாதம் வந்தன. வக்கீல்கள் போராடினார்கள், ஜூலையில் இந்திய பார் கவுன்சில் 126 பேரை இடைநீக்கம் செய்தது. 2019 ஜனவரியில் ஆர். முத்துகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை, 14-ஏ முதல் 14-டி வரை, ரத்து செய்தது. போராடியவர்களின் நடத்தையை எல்லாம் நான் இங்கே நியாயப்படுத்தவில்லை. வாய்தாவுக்காக விழுப்புரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து, ‘கோர்ட் பாய்காட்’ என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போன கட்சிக்காரர்களின் பாடு தனி அத்தியாயம். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002-ல் ஹரிஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அந்தப் பாடு தீரவில்லை.

இனி ராஜாஜி. உள்ளூர் அரசியல்வாதியும் வக்கீலுமான போராட்டக் கைதி என்றால் முதல் இலக்கணம் அவர்தான். சேலத்தில் நல்ல வருமானமுள்ள வக்கீல். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். தொழிலை உதறி ஒத்துழையாமையில் இறங்கினார். தடையுத்தரவை மீறிய வழக்கில் 1921 டிசம்பரில் மூன்று மாதம் வேலூர்ச் சிறை. அங்கே எழுதிய நாட்குறிப்பு பிற்பாடு புத்தகமாக வந்தது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார், உப்பு அள்ளினார், மறுபடி சிறை. அந்த யாத்திரையில் கூட நின்று கைதானவர்களில் மதுரை வக்கீல் வைத்தியநாத ஐயரும் ஒருவர்.

அந்த ராஜாஜி 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார், பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு கிளம்பியது. மறியல் செய்தவர்கள்மேல் அவருடைய அரசு எடுத்துப் போட்டது கிரிமினல் லா அமெண்ட்மெண்ட் சட்டம். சட்டமறுப்பு இயக்கத்தின்போது காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளையர் வைத்திருந்த அதே ஆயுதம், காங்கிரஸே கண்டித்த ஆயுதம். கைதானவர்கள் 1,198 பேர்; அவர்களில் 1,179 பேர் தண்டனை பெற்றார்கள். 73 பேர் பெண்கள், தாய்மாரோடு சிறைக்குப் போன குழந்தைகள் 32. 1939-ல் நடராசனும் தாளமுத்துவும் சிறைக் காவலில் இருந்தபோது இறந்தார்கள். இந்த எதிர்ப்பின் முன்வரிசையில் இருந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் தூத்துக்குடியில் வக்கீல் தொழில் பார்த்தவர், வ.உ.சி.யின் சுதேசிக் காலத்துத் தோழர். இன்னொருவர் மறைமலையடிகள். பொத்தேரி இன்று இருப்பது அவர் பெயரைத் தாங்கிய மறைமலை நகர் நகராட்சியில். வார்டு போர்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 1,198 எனக்கு நினைவுக்கு வரும்.

ராஜாஜி செய்தது கபடம் என்று நான் நினைக்கவில்லை. சட்டம் கையில் இருக்கிறது, அரசு நடத்தியாக வேண்டும், நம் நோக்கம் நல்லது. ஒரு நல்ல வக்கீலின் மனத்தில் இந்த மூன்றும் எளிதில் பொருந்திவிடும். பயம் அங்கேதான். சட்டம் படிக்காத போராட்டக்காரருக்கு அடக்குமுறைச் சட்டம் ஒரு பொல்லாத பொருள். வக்கீலுக்கு அது ஒரு கருவி, யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

மோகன் குமாரமங்கலத்தின் வாழ்க்கை இதைவிட விந்தை. குமாரமங்கலம் ஜமீன் வாரிசு, கேம்பிரிட்ஜ் படிப்பு, லண்டனில் பாரிஸ்டர், கம்யூனிஸ்ட். 1941 சென்னைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி முதலானவர்களோடு தண்டனை பெற்றார். பின்னாளில் 1966-ல் மாநில அட்வகேட் ஜெனரல், பிறகு இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகுத் துறை. 1973 ஏப்ரலில் ஷெலட், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராயை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆக்கியதை நாடாளுமன்றத்தில் எழுந்து நியாயப்படுத்தியவர் அவர்தான். அடுத்த மாதமே விமான விபத்தில் இறந்தார். அதனால் மிச்சத்தை அவர் பார்க்கவில்லை. 1976 ஏப்ரல் 28-ல் அதே ராய் தலைமையிலான அமர்வு, நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரி 31-ல், தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு ‘மிசா’ தடுப்புக்காவலில் கட்சிக்காரர்கள் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு உயிர் பிழைக்கவில்லை. அந்தச் சிறையில் நடந்தவற்றை விசாரிக்க நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் அமைக்க வேண்டிவந்தது.

‘மிசா’வில் உள்ளே இருந்தவர்களில் ஒருவர் வைகோ. சட்டம் படித்தவர், குருவிகுளம் ஊராட்சி ஒன்றியத்தில் தொடங்கி நாடாளுமன்றம் வரை போனவர். அவருடைய கதையில் மூன்று சட்டங்கள் வரிசையாக வருகின்றன. 2002 மார்ச்சில் பா.ஜ.க. கூட்டணி அரசு பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான ‘பொடா’வை நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேற்றியபோது அவருடைய ம.தி.மு.க. அந்தக் கூட்டணியில் இருந்தது, ஆதரித்தது. மூன்று மாதம் கழித்து, ஜூன் 29-ல், திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலை 11-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பியவரைச் சென்னை விமான நிலையத்தில் வைத்து அந்தச் சட்டத்தின் கீழேயே ஜெயலலிதா அரசு கைது செய்தது. வேலூர்ச் சிறையில் 19 மாதம். வாய்தாவுக்கு வாய்தா பூந்தமல்லி தனி நீதிமன்றத்துக்கு வேன் பயணம். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ‘பொடா’ செல்லும் என்றது. ஆனால் பயங்கரவாதத்தைத் தூண்டும் நோக்கம் இல்லாத வெறும் தார்மீக ஆதரவு குற்றமாகாது என்றும் சேர்த்துச் சொன்னது. தான் கட்டிய பொறியில் தானே விழுந்தார் என்று அன்று சிரித்தவர்கள் அநேகர். சிரிப்பு எனக்கும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வரிகள் கிடைத்ததில் அவர் போட்ட மனுவுக்கும் பங்கு உண்டு.

அடுத்தது 124-ஏ. 2009 ஜூலையில் சென்னை ராணி சீதை மன்றத்தில் தன் ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ புத்தக வெளியீட்டில் பேசிய பேச்சுக்கு ராஜத்துரோக வழக்கு. எட்டாண்டு தூங்கியது. 2017 ஏப்ரல் 3-ல் எழும்பூர் கோர்ட்டில் தானே போய் நின்று, ஜாமீன் வேண்டாம் என்று புழல் சிறைக்குப் போய் 52 நாள் இருந்தார். அரசு எழுப்பாத வழக்கைக் கைதி எழுப்பினார் என்று சொல்லலாம். 2019 ஜூலை 5-ல் சிறப்பு நீதிமன்றம் ஓராண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம் விதித்து, மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்திவைத்தது. அப்போது மாநிலங்களவை வேட்புமனுத் தாக்கல் நேரம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-வது பிரிவில் இப்படிப்பட்ட குற்றத்துக்கான கோடு இரண்டாண்டு. ஓராண்டு தண்டனை அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஆனாலும் கூட்டணிக்குப் பதற்றம். மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று தி.மு.க. வழக்கறிஞர் என்.ஆர். இளங்கோவும் மனுப் போட்டார். வைகோவின் மனு ஏற்கப்பட்டது, ஜூலை 25-ல் பதவி ஏற்றார். நீதிபதியின் பேனா இன்னும் ஓராண்டு கூட்டி எழுதியிருந்தால் கதை வேறு. அரசியல் பேச்சுக்கான தண்டனையில் இப்படி ஒரு நூலிழை இருப்பதே எனக்கு அபத்தமாகப் படுகிறது.

124-ஏவை 2022 மே 11-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. புதிய பி.என்.எஸ். சட்டத்தில் ராஜத்துரோகம் என்ற சொல் இல்லை. 152-வது பிரிவு இருக்கிறது, ஆயுள் வரை தண்டனையோடு. கூடங்குளம் அணு உலையை எதிர்த்த மீனவர்கள் ஆயிரக்கணக்கில் 124-ஏவின் கீழ் பெயர் ஏறியவர்கள். அவர்களிடம் போய், அந்தச் சொல் இப்போது சட்டத்தில் இல்லை என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கூடங்குளத்தை விட்டுவிட்டால் ராஜத்துரோகம் பெரும்பாலும் தலைவர்களுக்கான பிரிவு. உள்ளூர் ஆளுக்கு வருவது ‘குண்டாஸ்’. கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர், வனக் குற்றவாளி, குண்டர் என்று நீளும் பட்டியலைப் பெயரிலேயே சுமக்கும் 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டம் அது. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். பிடிப்பது போலீஸ், உத்தரவு போடுவது மாவட்டத்தில் கலெக்டர், மாநகரத்தில் போலீஸ் கமிஷனர். தென்சென்னைப் புறநகர்க்காரர்கள் இந்தக் கடைசி விவரத்தைக் கவனிக்க வேண்டும். 2022 ஜனவரி 1-ல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் வந்தபின் இந்தப் பகுதியின் பெரும் பரப்புக்கு உத்தரவில் கையெழுத்திடும் கை, கைது செய்யும் துறையின் கையாகவே ஆகிவிட்டது. முன்பு கலெக்டர் படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று நான் சாதிக்க வரவில்லை. இரண்டு அலுவலகங்களுக்கு இடையே ஒரு கோப்பு நடந்து போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சில சமயம் அந்த நடையே ஒருவரைக் காப்பாற்றும்.

சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக்காவல் கூடாது என்று ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போன திருமுருகன் காந்தி மீது போட்ட குண்டாஸை அந்த செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை அவர் உள்ளே. இந்த மனுக்களை நடத்தும் வக்கீல்களிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: பெரும்பாலும் ஜெயிப்பது பெரிய உரிமை வாதங்களால் அல்ல, கைதிக்குக் கொடுத்த நகலில் எழுத்து தெரியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்ற சின்னச் சின்ன ஓட்டைகளால். அதற்குள் ஐந்தாறு மாதம் போயிருக்கும். அரசுக்கு வேண்டியதும் அந்த ஐந்தாறு மாதம்தான்.

2018 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மக்கள் அதிகாரம் அமைப்போடு தொடர்புள்ள வக்கீல் வாஞ்சிநாதனைக் கைது செய்ததும் சென்னை விமான நிலையத்தில்தான், ஜூன் மாதம். வைகோ இறங்கியதும் அங்கே. அந்த விமான நிலையம் நிற்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கு இப்படியும் ஒரு வரலாறு. டெல்லி ஜந்தர் மந்தரில் 2017-ல் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்த விவசாயிகளின் தலைவர் அய்யாக்கண்ணுவும் திருச்சி வக்கீல். மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க அவர் கேட்ட அனுமதி உயர் நீதிமன்றத்தில் ஒரு நாளுக்குக் கிடைத்து, மேல்முறையீட்டில் பறிபோனது. மதுவுக்கு எதிராகப் போராடும் மதுரை வக்கீல் நந்தினி 2019-ல் நீதிமன்ற அவமதிப்பில் சிறைக்குப் போனது கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு.

கடல் தாண்டிய தமிழர்களிடம் இதே கேள்வி இன்னும் கூர்மையாக விளையாடியிருக்கிறது. இலங்கையில் 1976 மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானத் துண்டறிக்கை கொடுத்ததற்காக வழக்கறிஞர் அமிர்தலிங்கமும் தோழர்கள் சிலரும் கைதானார்கள். ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிக்கும் ‘டிரையல் அட் பார்’. எதிரிகள் தரப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட வக்கீல்கள். நெடுங்காலம் எதிரெதிரே நின்ற செல்வநாயகமும் ஜி.ஜி. பொன்னம்பலமும் அன்று ஒரே பக்கம். நெருக்கடிகால விதிகளே செல்லுமா என்று அவர்கள் பிடித்த பிடியில் வழக்கு தள்ளாடி, கடைசியில் விடுதலை. 1977 ஜூலைத் தேர்தலில் அவருடைய தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடம் வென்று அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

மலேசியாவில் 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூர்த் தெருக்களில் ஹிண்ட்ராஃப் அமைப்பு திரட்டிய தமிழர் கூட்டத்துக்குப் பின், டிசம்பரில், ஐ.எஸ்.ஏ. என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐவர் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன் என்று நால்வர் வக்கீல்கள். மூன்றே மாதத்தில் பொதுத்தேர்தல். உள்ளே இருந்தபடியே மனோகரன் சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். விசாரணையும் தீர்ப்பும் இல்லாததால் தகுதி இழப்பும் இல்லை. தடுப்புக்காவலின் கொடுமையே வேட்புமனுவுக்குக் கவசமானது. ஆனால் வாக்காளர்களின் உறுப்பினர் 2009 மே வரை கம்பிக்குப் பின்னால். ஐ.எஸ்.ஏ.வை 2012-ல் எடுத்துவிட்டு வேறொரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

நம் ஊராட்சித் தலைவர்களுக்கு அந்தக் கவசமும் மெலிது. 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவு, தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரத்தைக் கலெக்டரிடம் வைத்திருக்கிறது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்துக் கிராமசபை தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டபோது அந்தப் பிரிவின் நிழல் மேசைமேல் விழுந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்?

வ.உ.சி. காலத்துப் பிணைப்பத்திரப் பிரிவுகள் என்ன ஆயின என்று கேட்கலாம். அப்படியே இருக்கின்றன, 107 இப்போது பி.என்.எஸ்.எஸ். 126, 108 இப்போது 127. துணை கமிஷனர்களே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து இந்தப் பத்திரங்களை வாங்கவும் மீறினால் உள்ளே போடவும் தமிழ்நாட்டில் அரசாணைகள் இருந்தன. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவை அரசமைப்புக்கு முரண் என்று தள்ளியது. 

பொத்தேரிக்கே திரும்புகிறேன். இங்கே காட்டாங்குளத்தூரில் தனியார் சட்டக் கல்லூரி இருக்கிறது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் புதுப்பாக்கத்துக்கு 2018-ல் இடம் மாறி வந்த அரசு சட்டக் கல்லூரி. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி இருந்த கல்லூரியை ஊருக்கு வெளியே தள்ளாதீர்கள் என்று மாணவர்கள் போராடியதும் கைதானதும் அந்த ஆண்டுகளின் செய்தி. மாலை நேரத்து டீக்கடைகளில் கழுத்துப் பட்டியோடு உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு இந்தச் சாலையின் கவுன்சிலர்களாகவும் வக்கீல்களாகவும் ஆவார்கள்.

இவர்களுக்கு வைக்கப்பட்டிருக்கும் கதவு வ.உ.சி.க்கு இருந்ததைவிட முன்னாலேயே நிற்கிறது. குற்ற வழக்கு நிலுவையில் உள்ள சட்டப் பட்டதாரிகளை வழக்கறிஞராகப் பதிவு செய்ய வேண்டாம் என்று 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ரவுடிகள் கோட்டு மாட்டிக்கொள்வதைத் தடுக்கும் நோக்கம். அந்த நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஜாமீனில் விடத்தக்க சிறு குற்றங்களுக்கு விலக்கும் உண்டு. ஆனால் மறியல் எஃப்.ஐ.ஆர். எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த விலக்கின் அருமை தெரியும். சட்டவிரோதக் கூட்டம், வழியை மறித்தல் என்று நாலு சின்னப் பிரிவு. வேனில் ஏற்றும்போது ஒரு தள்ளுமுள்ளு. உடனே பொது ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாக ஐந்தாவது, பி.என்.எஸ். 132. அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. ரைட்டர் அந்த ஒரு வரியைச் சேர்க்க அரை நிமிடம் ஆகும்.

வ.உ.சி.யின் சன்னது போனது செஷன்ஸ் நீதிபதி ஒருவர் தீர்ப்பு எழுதிய பிறகு. மண்டபத்திலிருந்து மாலை ஆறு மணிக்கு வெளியே வரும் மாணவனுக்குத் தன் பெயர் எந்தப் பிரிவில் ஏறியிருக்கிறது என்று தெரிய நாலைந்து வருஷம் ஆகலாம்; பார் கவுன்சில் படிவத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் சரிபார்ப்புக்கு ஸ்டேஷனில் போய் நிற்கும் அன்று.